நாவின் சாட்சியம்: சுவையிழப்பு ஒரு நோய்க்குறியாக ஏற்கப்பட்ட வரலாறு

காய்ச்சல் கண்டவர் வாய் கைக்கிறதென்பதும், தடிமன் பிடித்தவர் உண்பதெல்லாம் சப்பென்றிருக்கிறதென்பதும் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் கூற்றுக்களாகும். அவற்றைக் கேட்ட வீட்டார் மிளகு இரசமோ கொத்தமல்லித் தண்ணீரோ வைத்துக் கொடுத்தனர். நோய் நீங்கியதும் நாவும் தெளிந்தது. அத்துடன் அப்பேச்சும் மறக்கப்பட்டது. உலகின் ஏனைய பகுதிகளிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருந்ததெனக் கூறுதற்கில்லை. ஆயின், 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் இச்சாதாரணக் கூற்று திடீரென ஒரு பெருமதிப்பைப் பெற்றது. ஒருவரைத் தனிமைப்படுத்துவதா, பரிசோதனைக்கு உட்படுத்துவதா என்பதைத் தீர்மானிக்கும் குறிகளுள் ஒன்றாகச் சுவையிழப்பு அரசாங்கங்களின் பட்டியல்களில் இடம்பெறலாயிற்று.

நோயாளர் நெடுங்காலமாகக் கூறிவந்த ஒன்றை மருத்துவ உலகம் ஏன் இவ்வளவு காலந்தாழ்த்திச் செவிமடுத்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினாவாகும். இவ்வினாவுக்கு விடை காண முயலுமிடத்து, ஒரு நோய்க்குறியின் வரலாறு உடலில் நிகழும் மாற்றங்களின் வரலாறாக மட்டும் அமைவதில்லை என்பதும், எவருடைய சொல் எப்பொழுது சான்றாகக் கொள்ளப்பட்டது என்பதன் வரலாறாகவும் அது அமைகின்றது என்பதும் புலனாகும்.

சுவை என்னும் சொல்

வரலாற்றுக்குட் புகுமுன் சுவை என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் அவசியமாகும். பொதுவழக்கிலே சுவை எனப்படுவது உண்மையில் மூன்று உணர்வுகளின் கூட்டாகும். நாவிலுள்ள சுவையரும்புகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, இறைச்சிச்சாறு போன்றவற்றிற் காணப்படும் 'உமாமி' ஆகிய ஐந்தையே அறியவல்லன. மாம்பழத்தை மாம்பழமென்றும் கருவாட்டைக் கருவாடென்றும் பிரித்தறியச் செய்வது, மெல்லும்போது வாயின் பின்புறத்தால் மூக்கினுள் மேலெழும் மணமாகும். மிளகாயின் எரிவும் புதினா முதலியவற்றின் குளிர்ச்சியும் இவ்விரண்டிலும் அடங்கா. அவை முகத்திற் பரவியுள்ள முக்கிளை நரம்பின் வழியாக உணரப்படுபவை. ஆகவே நம் முன்னோர் வகுத்த அறுசுவையுள் கார்ப்பு இன்றைய உடற்றொழிலியலின்படி சுவையரும்புகளால் அறியப்படுவதன்று.

இம்மூன்றும் வாய்க்குள்ளே ஒன்றாகவே அனுபவிக்கப்படுவதால், மணவுணர்வை மட்டும் இழந்தவரும் 'சுவை தெரியவில்லை' என்றே கூறுகிறார். இச்சொன்மயக்கம் சுவையிழப்பின் வரலாறு முழுவதையும் பாதித்த ஒன்றாகும் என்பது பின்னர் விளக்கப்படும்.

பண்டை மருத்துவர் கண்ட குறி

இந்திய மருத்துவ மரபில் நோயாளியின் நாவுக்கு உரிய இடம் மறுக்கப்படவில்லை. சரக சங்கிதையின் நிதானப் பகுதியில், சுரநோயை ஆராயும் முதல் அத்தியாயம், சுரம் வருமுன் தோன்றும் முற்குறிகளைக் கூறுமிடத்து வாயின் சுவைக்கேட்டையே முதற்கண் கூறுகிறது. உடற்பாரமும் உணவில் விருப்பமின்மையும் அதனைத் தொடர்ந்தே கூறப்படுகின்றன. மேலும், வாத சுரத்தில் வாய் துவர்க்கும் என்றும், பித்த சுரத்தில் உறைக்கும் என்றும், கப சுரத்தில் இனிக்கும் என்றும் அந்நூல் வேறுபாடு காட்டுகின்றது. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் சுவையும் உணவு வேட்கையும் கெடும் நிலையை 'அரோசகம்' எனப் பெயரிட்டுத் தனி அத்தியாயமொன்றில் ஆராய்கிறது.

இம்மரபை மிகைப்படுத்திக் கூறுதல் பொருந்தாது. சுரத்துக்கு வைரசு காரணமாகலாம் என்பதை அவர்கள் அறிந்திலர். முக்குற்றக் கொள்கையின் சட்டகத்துள் நின்றே அவர்கள் வாயின் சுவையை விளக்கினர். எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. மருத்துவன் தானே கண்டோ தொட்டோ அறியவியலாத, நோயாளி சொல்லக் கேட்டு மாத்திரமே அறியக்கூடிய ஒரு குறியை அவர்கள் நோயறிதலின் முன்வரிசையில் வைத்தனர். கேட்டறிதலும் பார்த்தறிதலும் ஒருங்கே மதிக்கப்பட்ட முறைமை அதுவாகும்.

புலன்களுக்குள் ஏற்றத்தாழ்வு

ஐரோப்பியச் சிந்தனை மரபில் நிலைமை வேறாக இருந்தது. கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்ரோட்டில் கட்புலனை உயர்ந்ததாகக் கொண்டு, சுவையைத் தொடுபுலனின் ஒரு வகையாகவே கருதினார். மனிதனின் மணவுணர்வு ஏனைய விலங்குகளினதைவிடக் குறைபாடுடையதென்றும் கூறினார். ஜேர்மனிய மெய்யியலாளரான இம்மானுவேல் கான்ட் 1798இல் வெளியிட்ட மானிடவியல் நூலில், புலன்கள் யாவற்றுள்ளும் மணவுணர்வே நன்றி கெட்டதும் மிக எளிதில் இன்றியமையக்கூடியதும் எனத் தீர்ப்பு வழங்கினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மருத்துவரான போல் புறோக்கா, மனித மூளையில் மணவுணர்வுக்குரிய பகுதி ஒப்பளவிற் சிறிதாயிருப்பதைக் கண்டு, மனிதனை மணவுணர்வு குன்றிய உயிரினங்களின் வரிசையில் வைத்தார். இக்கருத்து பாடநூல்கள் வாயிலாக நிலைபெற்றது. இதற்குப் போதிய ஆதாரம் இருந்ததில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளரான ஜோன் மக்கான் 2017இல் விரிவாக எடுத்துக்காட்டினார். மனிதனின் மணவுணர்வு பல விலங்குகளினதுடன் ஒப்பிடத்தக்கதென்பதே அவருடைய முடிபாகும்.

இவ்வேற்றத்தாழ்வுக்கிடையிலும் சில கூர்மையான அவதானிப்புக்கள் நிகழ்ந்தன. பிரெஞ்சு இரசாயனவியலாளரான ஷெவ்ரூல் மூக்கைப் பொத்திக்கொண்டு பொருள்களைச் சுவைத்து, எது நாவுக்குரியது, எது மூக்குக்குரியது என்பதை 1824இல் பிரித்துக் காட்டினார். மறு ஆண்டு வெளிவந்த பிரில்லா-சவரினின் 'சுவையின் உடலியல்' என்னும் புகழ்பெற்ற நூல், சுவையும் மணமும் ஒரே புலனின் இரு பகுதிகளாயிருத்தல் கூடும் என்றது. கடுந்தடிமனால் மூக்கின் உட்சவ்வு நோயுற்றிருக்கும்போது நா வழமைபோல் இருந்தும் சுவை முற்றாக மறைந்துவிடுகிறது என்பதை அதற்குச் சான்றாகவும் காட்டியது. இங்கிலாந்து மருத்துவரான வில்லியம் ஓகில் 1870இல் மணவிழப்புக்கு உள்ளானோர் பற்றி வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் சுவையிழந்துவிட்டதாக முறையிடினும் உண்மையில் இழந்தது மணத்தையே என விளக்கினார்.

இவ்விளக்கம் சரியானதே. ஆயினும் அதனின்று ஒரு மனோபாவமும் கிளைத்தது. சுவை போய்விட்டதென நோயாளி கூறினால், அவர் தம் உடலைத் தாமே அறியாது பேசுகிறார் என எடுத்துக்கொள்ளும் வழக்கம் மருத்துவரிடையே வேரூன்றியது.

1889ஆம் ஆண்டின் கொள்ளைநோய்

1889ஆம் ஆண்டு மத்திய ஆசியாவின் புகாரா நகரில் அறியப்பட்ட ஒரு காய்ச்சல், அவ்வாண்டின் இறுதியில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரை அடைந்து, புகையிரதப் பாதைகளையும் கப்பல் வழிகளையும் பற்றிக்கொண்டு சில மாதங்களுக்குள் உலகெங்கும் பரவியது. 'உருசியக் காய்ச்சல்' எனப்பட்ட இக்கொள்ளைநோய் ஏறக்குறைய 10 இலட்சம் உயிர்களைக் கவர்ந்ததென மதிப்பிடப்படுகின்றது. அக்காலத்து மருத்துவர்கள் இந்நோய் நரம்புத் தொகுதியைத் தாக்கும் விதத்தைக் கண்டு வியந்தனர். நெடுங்காலம் நீடித்த களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுடன் சுவை, மணம் ஆகியவற்றின் இழப்பும் அவர்களுடைய அறிக்கைகளிற் பதிவாயின.

அப்பதிவுகள் உதிரிக் குறிப்புக்களாகவே நின்றன. அவற்றை அளக்கக் கருவி இருக்கவில்லை. நோயின் காரணியே அறியப்பட்டிருக்கவில்லை. மனித இன்புளுவென்சா வைரசு 1933இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. மனிதருக்குத் தடிமனை உண்டாக்கும் கொரோனா வைரசுகள் 1960களிலேயே கண்டறியப்பட்டன. எனினும் 2005இல் பெல்ஜிய ஆய்வாளர் சிலர், இன்று சாதாரண தடிமனை உண்டாக்கும் 'ஓசி43' என்னும் கொரோனா வைரசு மாடுகளைத் தாக்கும் வைரசொன்றிலிருந்து 1890ஆம் ஆண்டளவிற் பிரிந்திருத்தல் கூடுமெனப் பரம்பரையலகுச் சான்றுகளைக் கொண்டு கணித்தனர். இதனால், உருசியக் காய்ச்சல் இன்புளுவென்சாவன்று, கொரோனா வைரசினால் விளைந்ததே எனும் கருதுகோள் தோன்றியது. இது இன்னும் முடிந்த முடிபாகவில்லை. ஆயினும் இக்கருதுகோளை 2020இன் பின் ஆராய்ந்தோர், 1890ஆம் ஆண்டளவில் மருத்துவர் போகிற போக்கில் எழுதிவைத்த சுவையிழப்புக் குறிப்புக்களையே முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாகக் கொண்டனர். பொருட்படுத்தப்படாத நோயாளர் கூற்று, 130 ஆண்டுகளின் பின்னர் வரலாற்றாசிரியனுக்குச் சான்றாயிற்று.

அலட்சியத்தின் விலை

மணமும் சுவையும் இழந்தாற் கேடில்லை என்னும் எண்ணம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அது செயலாக வடிவெடுத்த நிகழ்ச்சியொன்று கனடாவின் ரொறன்ரோ நகரில் 1937இல் இடம்பெற்றது. அக்காலத்தில் இளம்பிள்ளை வாதம் பெற்றோர்க்குப் பேரச்சமாக இருந்தது. அமெரிக்க ஆய்வாளரான சைமன் பிளெக்ஸ்னர் முதலியோர் குரங்குகளில் நடத்திய பரிசோதனைகளிலிருந்து, இந்நோயின் வைரசு மூக்கின் வழியே புகுந்து மண நரம்பினூடாக மூளையை அடைகின்றது என நம்பப்பட்டது. அவ்வழியை அடைத்துவிட்டால் நோயைத் தடுக்கலாம் என்பது தருக்கரீதியான முடிபாகத் தோன்றியது. நாகசல்பேற்றுக் கரைசலை மூக்கின் உச்சியில் விசிறிய குரங்குகள் நோயினின்றும் தப்பின.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1937இல் நோய் கடுமையாகப் பரவியபோது, ரொறன்ரோவில் ஏறக்குறைய 5,000 சிறுவர்களின் மூக்குகளில் இக்கரைசல் விசிறப்பட்டது. மருந்து உரிய இடத்தை அடைந்ததற்கு மணவிழப்பே அடையாளமாகக் கொள்ளப்பட்டது. முடிவு ஏமாற்றமாக அமைந்தது. விசிறப்பட்ட சிறுவர்கள் விசிறப்படாதோரைவிட நோயினின்றும் கூடுதலாகப் பாதுகாக்கப்படவில்லை; மாறாக, அவர்களுட் சிலர் மணவுணர்வை நெடுங்காலத்துக்கு இழந்தனர். அடுத்துவந்த ஆண்டுகளில், இந்நோயால் இறந்த மனிதரின் மூளையிலே மணவுணர்வுப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கவில்லை என அல்பேட் சேபின் காட்டினார். வைரசு உணவுக்குழாய் வழியாகவே புகுகின்றது என்பதும் பின்னர் நிலைநாட்டப்பட்டது.

அம்மருத்துவர்களைக் கொடியவரெனக் கருதுதல் நியாயமாகாது. முடமாக்கியும் கொன்றும் வந்த ஒரு நோயினின்று குழந்தைகளைக் காக்கவே அவர்கள் முனைந்தனர். ஆனால் பார்வையையோ கேள்வியையோ பணயம் வைக்கும் ஒரு தடுப்பு முறையை எவரும் இவ்வளவு எளிதாக முயன்றிருப்பர் எனக் கொள்ளவியலாது. கான்ட் இன்றியமையக்கூடியதெனத் தீர்ப்பளித்த புலன் ஆதலின், அதன் இழப்பு ஏற்கத்தக்க விலையாகத் தோன்றியது. 2009ஆம் ஆண்டில், மூக்கினுள் இடப்படும் நாகங்கலந்த தடிமன் மருந்துகள் மணவுணர்வை அழிக்கக்கூடுமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்க நேர்ந்தது. ரொறன்ரோவின் பாடம் 72 ஆண்டுகளின் பின்னரும் முற்றாகக் கற்கப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

அளவுகோலின் வருகை

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மெல்ல மாறலாயிற்று. அமெரிக்க மருத்துவரான றொபேட் ஹென்கினும் அவருடைய உடனாய்வாளரும், இன்புளுவென்சா போன்ற தொற்றின் பின்னர் சுவையும் மணமும் குன்றியோ திரிந்தோ போனவர்களைப் பற்றிய ஆய்வொன்றை 1975இல் வெளியிட்டனர். வைரசுத் தொற்றுக்கும் சுவைக்கேட்டுக்கும் உள்ள தொடர்பு இங்கு ஒரு தனிப் பொருளாக ஆராயப்பட்டது. இத்தகையோருக்கு நாகம் உட்கொள்ளக் கொடுப்பது பயன்தரும் என ஹென்கின் எண்ணியிருந்தார். அவரே முன்னின்று நடத்தி 1976இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், நாகத்தை உண்டோர் வெறும் மாத்திரையை உண்டோரைவிட மேம்படவில்லை என்பது தெரியவந்தது. தம் எண்ணத்துக்கு மாறான முடிவைத் தாமே அறிவித்தமை அறிவியல் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகும்.

1980இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மணம், சுவை ஆகியவற்றுக்கான ஆய்வு நிலையமொன்று நிறுவப்பட்டது. அதன் தலைவரான றிச்சாட் டோட்டி 1984இல் ஓர் எளிய சோதனைமுறையை வெளியிட்டார். சுரண்டினால் மணம் வெளிப்படும் 40 பட்டைகள் கொண்ட சிறு ஏடுகளே அதற்குரிய கருவியாகும். ஒவ்வொரு மணத்துக்கும் தரப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்தல் வேண்டும். பார்வைக்குக் கண் மருத்துவனின் எழுத்துப் பலகை எவ்வாறு உதவிற்றோ, அவ்வாறே மணவுணர்வுக்கு இவ்வேடு உதவிற்று. அந்நிலையத்தை நாடிய 750 நோயாளர் பற்றிய அறிக்கை 1991இல் வெளிவந்தபோது, மேற்சுவாசத் தொற்று இக்குறைபாடுகளின் தலையாய காரணங்களுள் ஒன்றென்பது உறுதியாயிற்று. சுவை போயிற்று என முறையிட்டோருட் பெரும்பாலானோரின் நா செம்மையாகவே இருந்தது என்பதும், அவர்கள் இழந்தது மணத்தையே என்பதும் மீண்டும் புலனாயின.

ஓகிலின் கூற்று இவ்வாறு எண்களால் உறுதிசெய்யப்பட்டது. இதன் விளைவாகச் சுவையிழப்பு என்ற முறைப்பாடு மணவிழப்பின் மறுபெயராகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. மணவிழப்போ பொதுமருத்துவனின் கவனத்தை ஈர்க்கும் ஒன்றாக வளரவில்லை. 1995இல் சுவீடனில், தொண்டர்களுக்குக் கொரோனா வைரசு ஒன்றைச் செலுத்தித் தடிமன் உண்டாக்கி மணவுணர்வு அளக்கப்பட்டது. 2003இன் சார்ஸ் நோயின் பின்னர், நீங்காத மணவிழப்புக்குள்ளான ஒரு பெண்ணைப் பற்றிய அறிக்கை தாய்வானிலிருந்து 2006இல் வெளியாயிற்று. இவை அவ்வத்துறை வல்லுநர் சிலருடைய வாசிப்புக்குள் அடங்கின. கொள்ளைநோயொன்றை எதிர்கொள்ள வகுக்கப்பட்ட நோய்க்குறிப் பட்டியல்கள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு அமைந்தன.

2020: கேட்கப்பட்ட வினா

2019இன் இறுதியில் சீனாவின் வூகான் நகரில் கொவிட்-19 தோன்றியது. அந்நகர வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 214 நோயாளரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் வெளியிடப்பட்ட கட்டுரை, அவர்களுள் 5.6 வீதத்தினரிடம் சுவைக்கேடு காணப்பட்டதாகக் கூறியது. இத்தாலியின் மிலான் நகரில் மார்ச் 19ஆந் திகதி மருத்துவர் சிலர் வைத்தியசாலையிலிருந்த 59 நோயாளரை நேரடியாக வினாவினர், 33.9 வீதத்தினர் சுவை அல்லது மணக் கோளாறொன்றேனும் உண்டெனக் கூறினர். ஐரோப்பாவின் 12 வைத்தியசாலைகளில் நோய் கடுமையடையாத 417 பேரிடம் இதற்கெனவே வகுக்கப்பட்ட வினாக்கொத்தின் மூலம் கேட்டபோது, 88 வீதத்தினர் சுவைக்கேட்டையும் 85.6 வீதத்தினர் மணக்கேட்டையும் தெரிவித்தனர்.

இவ்வெண்களின் வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல உள. வூகானில் ஆராயப்பட்டோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் அளவுக்கு நோயுற்றவர்கள். ஐரோப்பிய ஆய்வில் இடம்பெற்றோர் இலேசான நோயினர். வைரசின் வடிவமும் இடையில் ஓரளவு மாறியிருந்தது. எனினும் எண்கள் ஏறிய வரிசை நோக்கத்தக்கது. முதலாவது, மருத்துவர் எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து பெறப்பட்டது. இரண்டாவது, நோயாளியைக் கேட்டுப் பெறப்பட்டது. மூன்றாவது, இதனையே குறியாகக் கொண்டு நுணுகிக் கேட்டுப் பெறப்பட்டது. உயிருக்குப் போராடுவோர் நிறைந்த ஒரு வைத்தியசாலையில் உணவின் சுவை பற்றிய வினா எழாதிருத்தல் இயல்பே. எழாத வினாவுக்கு விடையும் பதிவாகாது.

இங்ஙனம் வினாவைத் தூண்டியவர்கள் பெரும்பாலும் நோயாளரும், அவர்களை நேரிற் சந்தித்த மருத்துவருமாவர். ஜேர்மனியின் ஹைன்ஸ்பேர்க் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளரை விசாரித்த வைரசியலாளர் ஹென்ட்றிக் ஸ்ரேக், அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் பல நாட்களுக்குச் சுவையும் மணமும் இழந்திருந்தனரென மார்ச் நடுப்பகுதியிற் கூறினார். சில நாட்களின் பின்னர், பிரித்தானியாவின் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சங்கத்தின் சார்பில் நிர்மல் குமாரும், மூக்கியல் மருத்துவர் சங்கத் தலைவர் கிளெயர் ஹொப்கின்ஸும் இணைந்து அறிக்கையொன்றை வெளியிட்டனர். மூக்கடைப்பு எதுவுமின்றித் திடீரென மணவுணர்வை இழப்போர் தம்மைத் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கையாகும். மே 11ஆந் திகதி வெளியான பிறிதோர் ஆய்வு, கைத்தொலைபேசிச் செயலியொன்றின் வாயிலாக 26 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமே அளித்த தகவல்களை ஆதாரமாகக் கொண்டது. தொற்று உறுதியானோருள் 65 வீதத்தினரும், தொற்றில்லையெனச் சோதனையில் தெரிந்தோருள் ஏறக்குறைய 22 வீதத்தினரும் மணமோ சுவையோ இழந்திருந்தனர். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் ஏப்ரல் இறுதியில் இதனைத் தன் பட்டியலிற் சேர்த்தது. பிரித்தானிய அரசாங்கமோ மே 18ஆந் திகதியே சேர்த்தது. மருத்துவர் சங்கங்களின் அறிக்கைக்கும் இத்திகதிக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய இரு மாதங்களில், இக்குறி மட்டுமேயுடையோர் தம்மை நோயாளரென அறியாது நடமாடியிருத்தல் கூடும்.

இரு தரப்பும் சரியே

ஏற்கப்பட்ட குறி பின்னர் பகுத்தாராயப்பட்டது. பல நாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடிப் பல மொழிகளில் நடத்திய ஆய்வொன்றில் 4,039 நோயாளர் தமது உணர்வுகளை நூற்றுக்கு இத்தனை என மதிப்பிட்டனர். நோயின்போது மணவுணர்வு சராசரியாக 79.7 புள்ளிகளாலும், சுவையுணர்வு 69 புள்ளிகளாலும், எரிவு, குளிர்ச்சி முதலியவற்றை உணருந்திறன் 37.3 புள்ளிகளாலும் குன்றியதாக அவர்கள் கூறினர். மிளகாயின் எரிவு மணவுணர்வைச் சார்ந்ததன்று. ஆகவே அதுவும் குன்றியமை, கேடு மணத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டிற்று.

ஆயினும் இது நோயாளரின் மதிப்பீடே என ஐயுற இடமிருந்தது. பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தினர் 241 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, கொவிட்-19 நோயாளருள் ஏறக்குறைய 37 வீதத்தினர் சுவையையே இழந்திருந்தனர் எனப் பின்னர் காட்டினர். நேரடியாக நாவிற் சுவைப்பொருள்களை வைத்துச் சோதித்த ஆய்வுகளுக்கும், நோயாளர் சொல்லை மட்டும் கொண்ட ஆய்வுகளுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பது அவர்களுடைய முடிபுகளுள் முதன்மையானது. தம் நா மரத்துவிட்டது என்று கூறிய பலர் மயங்கிப் பேசவில்லை; உண்மையையே உரைத்தனர்.

உடற்றொழிலியலும் இதற்கு ஓரளவு விளக்கமளித்தது. மூக்கிலே வைரசு மண நரம்புக் கலங்களைத் தாக்குவதைவிட, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களையே முதன்மையாகத் தாக்குகின்றது எனத் தெரியவந்தது. வைரசு பற்றிக்கொள்வதற்கான புரதம் துணைக் கலங்களிலேயே உண்டு. துணை அழியவே நரம்புக் கலங்களும் செயலிழக்கின்றன. நாவைப் பொறுத்தவரை, இனிப்பு, கைப்பு, உமாமி ஆகியவற்றை அறியும் வகைக் கலங்களில் அப்புரதமும் வைரசும் காணப்பட்டதாக அமெரிக்க ஆய்வொன்று 2021இல் அறிவித்தது.

இவ்விடத்து மறுபக்கத்தையும் கூறாதுவிடின் வரலாறு முழுமையுறாது. ஈரானின் தெஹ்ரான் நகரில் டோட்டியின் 40 மண ஏட்டைக் கொண்டு 60 நோயாளர் சோதிக்கப்பட்டபோது, 59 பேரிடம் மணவுணர்வு குன்றியிருந்தது. சோதனைக்கு முன் அதனை உணர்ந்திருந்தோர் 35 வீதத்தினரே. நோயாளியின் சொல் எப்பொழுதும் போதுமானதன்று என்பதற்கு இது சான்று. சொல்லும் கருவியும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும்போதே நோயின் முழு உருவமும் தெரியவருகின்றது.

இழந்தோர் நிலை

பெரும்பாலானோருக்கு இவ்வுணர்வுகள் சில வாரங்களில் மீண்டன. எனினும் 2022இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, ஏறத்தாழ 5.6 வீதத்தினருக்கு மணக்கேடும் 4.4 வீதத்தினருக்குச் சுவைக்கேடும் நீடிக்கலாம் என மதிப்பிட்டது. உலகளவில் தொற்றுக்குள்ளானோரின் தொகையை எண்ணிப்பார்ப்பின், இச்சிறு வீதங்கள் கோடிக்கணக்கானோரைக் குறிப்பனவாகும். சுவையற்ற உணவை உண்போர் மெலிவதும், இழந்த இன்பத்தைத் தேடி அளவுக்கு மீறி உப்பும் சீனியும் சேர்ப்பதும் உண்டு. கெட்டுப்போன கறியையும், கசியும் எரிவாயுவையும், கருகும் சோற்றையும் அவர்கள் அறியார். சிலருக்குக் கோப்பி, வெங்காயம், உள்ளி, பொரித்த இறைச்சி ஆகியன அழுகல் நாற்றமாகத் திரிந்து தோன்றின. உடனிருந்து உண்ணுதல் உறவின் அடையாளமாகக் கொள்ளப்படும் குடும்பங்களில், ஒருவர் மட்டும் முகஞ்சுளித்து ஒதுங்கும் நிலை உளத்துயருக்கும் ஏதுவாயிற்று.

மருந்துகள் பெரிதும் பயனளிக்காத இந்நிலையில், ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரைச் சேர்ந்த தோமஸ் ஹம்மெல் 2009இல் வெளியிட்ட பயிற்சிமுறை பலருக்குக் கைகொடுத்தது. ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரங்களுக்குக் கவனத்துடன் முகர்வதே அப்பயிற்சியாகும். அடுக்களையிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடிய எளிய முறை இது. நலம் பெறுதல் ஆளுக்காள் வேறுபடினும், இழந்தது போனதுதான் என்று கைவிடப்பட்டோருக்குச் செய்வதற்கு ஒன்றையேனும் இது அளித்தது.

முடிவுரை

2021இன் இறுதியில் தோன்றிய ஒமிக்ரோன் வடிவத்தின் பின்னர் இக்குறி அருகலாயிற்று. பிரித்தானியச் செயலி ஆய்வொன்றில், தடுப்பூசி பெற்றோருள் டெல்டா வடிவத்தின்போது 52.7 வீதத்தினருக்கு ஏற்பட்ட மணவிழப்பு, ஒமிக்ரோன் வடிவத்தின்போது 16.7 வீதமாகக் குறைந்தது. குறி அருகுமிடத்து அதுபற்றிய அக்கறையும் அருகுதல் கூடும். உருசியக் காய்ச்சலின் குறிப்புக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடப்பிற் போடப்பட்டமை இதற்கு எச்சரிக்கையாக அமைகின்றது.

சரகர் காலத்து மருத்துவன் நோயாளியிடம் வாயின் சுவை எத்தகையது என வினவினான். அவனிடம் கருவி இல்லை. 20ஆம் நூற்றாண்டின் மருத்துவனிடம் கருவி வந்து சேர்ந்தது, வினா கைநழுவியது. இரண்டும் ஒருங்கு சேர்வதற்கு ஒரு பெருங்கொள்ளைநோய் வேண்டியிருந்தது. வருங்காலத்தில் தோன்றக்கூடிய நோய்கள் எவ்வுறுப்பில் தம் முதற் குறியைக் காட்டும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். நோயாளியின் எளிய முறைப்பாடொன்றைப் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் ஒதுக்காது, அதனை எழுதிவைப்பதும் பின்னர் அளந்து பார்ப்பதும் மருத்துவனின் கடமையாகும். தம் உடலில் நேர்ந்ததைத் தயங்காது எடுத்துரைப்பது நோயாளியின் கடமையாகும். சுவையிழப்பின் வரலாறு இவ்விரு கடமைகளின் இன்றியமையாமையையே வலியுறுத்துகின்றது.